தோட்டத்தில் பதித்த குழாய்கள்

கோத்தகிரிக்கு மேலே, தேயிலைச் சரிவு முடிகிற இடத்தில் ஓர் ஆசிரமம். அதை நடத்திவந்த நிறைமதி அம்மாவுக்கு நாற்பது வயதிருந்தால் அதிகம். அவரிடம் பாடம் கேட்க வரும் தணிகாசலத்துக்கோ அறுபத்து மூன்று. ஆலையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் அளந்து பார்க்காமல் நம்பமாட்டார். கடவுளை மட்டும் எப்படி விட்டுவைத்தாரோ, தெரியாது.

அன்று காலை அவர் வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. கையில் ஒரு வரைபடச் சுருள். அம்மா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். எதிரே உட்காரச் சொன்னார்.

"அம்மா, நான் பதிச்ச குழாயையெல்லாம் தோண்டி எடுத்துட்டா அவ திரும்பி வந்துடுவாளா?"

அவள் என்றது மனைவி வேதவல்லியை. வீட்டைவிட்டுப் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது.

மனுஷன் கெட்டவரில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். மார்கழி வந்தால் வேதவல்லிக்கு விரலெல்லாம் நீலம் பாரிக்கும், முழங்கால் பிடித்துக்கொள்ளும். அவளுக்காகத்தான் எல்லாம் செய்தார். மண்ணுக்குள் ஆறடி போனால் மேலே அடிக்கும் குளிரும் வெயிலும் அவ்வளவாக எட்டாது. அங்கே குழாய் பதித்துத் தண்ணீரை ஓடவிட்டால், மண்ணின் சூட்டை ஓர் இயந்திரம் வாங்கி வீட்டுக்குள் தரும். கோடையில் வீட்டின் சூட்டை மண்ணுக்கே அனுப்பிவிடும்.

பதிக்க இரண்டு வழி. முன்னூறு அடிக்கு நேராகத் துளை போடலாம். இல்லையென்றால் தோட்டம் முழுக்கப் பள்ளம் வெட்டிக் குழாயைப் படுக்கப் போடலாம். எட்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டார். மண்ணின் ஈரத்தை அளந்தார், சூட்டை அளந்தார், பாறை எங்கே தொடங்குகிறது என்று பார்த்தார். கடைசியில் பள்ளம்தான் என்று முடிவு செய்தார்.

வேதவல்லி ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தாள். துளையே போட்டுக்கலாமே, தோட்டம் இருந்தபடி இருக்கட்டுமே என்றாள். இவர் தாளும் பேனாவுமாக உட்கார்ந்து ஒரு மணி நேரம் விளக்கினார். செடிகளை மறுபடி வைத்துக்கொள்ளலாம் என்றார். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். முப்பது வருடமாக அவர் வாங்கிய சம்மதமெல்லாம் அந்த மாதிரிதான்.

பொக்லைன் மூன்று நாள் தோண்டியது. மூன்றாம் நாள் அவள் மேட்டுப்பாளையத்தில் இருக்கும் தம்பி வீட்டுக்குக் கிளம்பிப் போனாள். வேலை முடிந்தது, வீடு கதகதப்பாக இருந்தது. அவள் மட்டும் வரவில்லை. இவர் போன் செய்தால் எடுப்பதும் இல்லை. நேற்றுதான் மச்சினர் எடுத்து விஷயத்தைச் சொன்னார்.

இருபத்தொன்பது வருடத்துக்கு முன்னால், பிறந்த ஒன்பதாம் நாள் இறந்துபோன பிள்ளை அந்தத் தோட்டத்தில்தான் இருக்கிறான். அப்போது தணிகாசலம் வேலைக்காக மஸ்கட்டில் இருந்தார். இரண்டு மாதம் கழித்துத்தான் வர முடிந்தது. பச்சைக் குழந்தையை எரிக்கிற வழக்கம் அவர்களுக்குள் கிடையாது, சொந்த மண்ணில் புதைத்துவிடுவார்கள். அது அவருக்கும் தெரியும். எந்த இடம் என்று மட்டும் கேட்டதில்லை. கேட்டால் அழுவாளே என்று பயம். வருடங்கள் போகப் போகக் கேட்காமலிருப்பதே பழகிவிட்டது.

"அப்புறம் மறந்தே போயிட்டேன் அம்மா. பெத்தவன் நான், மறந்துட்டேன்" என்று சொல்லித் தணிகாசலம் அழுதார்.

அம்மா பட்டாணித் தட்டை ஒதுக்கிவிட்டு வரைபடத்தை வாங்கித் தரையில் விரித்தார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் நீளம், அகலம், ஆழம் எல்லாம் எழுதியிருந்தது. ஒரு பென்சிலை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"குழந்தை இருக்கிற இடத்தைக் குறிங்க."

தணிகாசலம் பென்சிலை வாங்கினார். தாளின் மேல் அங்கும் இங்கும் கொண்டுபோனார்.

"தெரியலையே அம்மா."

"யாருக்குத் தெரியும்?"

"அவளுக்குத்தான்."

"அப்ப இங்க எதுக்கு வந்தீங்க?"

தணிகாசலம் பென்சிலைத் தாளின் மேல் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"இன்னைக்கே மேட்டுப்பாளையம் போறேன். அவ கால்ல விழறேன். எந்த இடம்னு கேட்டு, அங்க இருக்கிற குழாயை எடுத்துட்டு, ஒரு கல்லு நட்டு விளக்கு ஏத்தறேன். அது போதுமா அம்மா?"

அம்மா வரைபடத்தைச் சுருட்டித் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்.

"போங்க. ஆனா இடத்தைக் கேக்காதீங்க. அந்த ஒன்பது நாளும் அவன் எப்படி இருந்தான்னு கேளுங்க."