துப்பாக்கிக்குப் பின்னால் ஓர் இலை

மீரான் ராவுத்தரின் துப்பாக்கிப் பட்டறையில் குருவைவிடச் சீடனுக்கு வயது அதிகம். சங்கிலிக்கு அதில் வெட்கமில்லை. கற்றுக்கொள்ள வந்தவனுக்கு நரையென்ன, கறுப்பென்ன? ராவுத்தர் அவனை "அண்ணே" என்பார். அவன் அவரை "வாத்தியாரே" என்பான்.

பட்டறை மலையடிவாரத்தில் இருந்தது. அந்த வருஷம் மலையிலிருந்து ஒரு சிறுத்தை இறங்கி வந்து ஆட்களைத் தூக்க ஆரம்பித்தது. அதைச் சுடும் வேலை ஜமீன் வேட்டைக்காரன் ஒச்சப்பன் தலையில் விழுந்தது. ஒச்சப்பன் சங்கிலியின் தம்பி. தாயில்லாப் பிள்ளையைத் தோளில் போட்டு வளர்த்தவன் சங்கிலி. சேதி கேட்ட நாளிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஜமீனில் ஒரு பழைய சீமைத் துப்பாக்கி உண்டு. விசைக்கு அடியில் ஒரு வளையம். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டா தானாக ஏறும். சங்கிலி அதைப் பார்த்து அச்சு அசலாகப் புதிதாய் ஒன்று செய்தான். பழையது மெத்தென்ற இரும்பு. இவன் போட்டது நல்ல எஃகு. அந்தத் தைரியத்தில், கப்பலில் புதிதாக வந்த வீரியமான தோட்டாவுக்கு ஏற்றபடி குழலைக் குடைந்துவிட்டான்.

"வாத்தியாரே, இது தாங்குமா?"

ராவுத்தர் வளையத்தைத் தள்ளிப் பார்த்தார். உள்ளே தோட்டாவின் முதுகைத் தாங்கும் இரண்டு துண்டுகள் முழங்கால் போல மடங்கி நிமிர்ந்தன.

"இந்த முட்டி?"

"பழசுல இருந்தபடியே வச்சிருக்கேன். மயிரிழை மாறல."

"கட்டுங்கண்ணே."

பட்டறையில் ஒரு வழக்கம். புதுத் துப்பாக்கியை முதலில் யாரும் தோளில் வைக்கக் கூடாது. புளியமரத்து அடிக்கட்டையில் இறுகக் கட்டி, மண்சுவருக்குப் பின்னால் நின்று கயிற்றால் விசையை இழுக்க வேண்டும். சுடுகிறவன் முகம் இருக்கும் இடத்தில் ஒரு குருத்து வாழையிலையை விரித்துக் கட்ட வேண்டும். வேட்டு முடிந்ததும் அந்த இலையில்தான் பகல் சாப்பாடு. இலை எதற்கு என்று சங்கிலி கேட்டதே இல்லை. புதுவண்டிச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கிற மாதிரி ஏதோ சாங்கியம் என்று இருந்துவிட்டான்.

கயிற்றை இழுத்தான். மலை திருப்பிச் சத்தம் போட்டது. சங்கிலி எதிரே நட்டிருந்த இரும்புத் தகட்டைப் பார்க்க ஓடினான். பழைய துப்பாக்கி குழி மட்டும் விழுத்திய தகட்டை இது துளைத்துக்கொண்டு போயிருந்தது. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"வாத்தியாரே! தகடு பொத்துப் போச்சு! என் தம்பி பொழைச்சான்!"



திரும்பி வந்தபோது ராவுத்தர் வழக்கமான இடத்தில் இலையைப் போட்டிருந்தார். சங்கிலி உட்கார்ந்து தண்ணீர் தெளித்தான். தண்ணீர் இலையில் நிற்கவில்லை.

"சோறு வைக்கலையா, வாத்தியாரே?"

"இந்த இலையில எப்படி வைக்க?"

சங்கிலி குனிந்து பார்த்தான். இலையெங்கும் பொத்தல். ஒன்றின் ஓரத்தில் பித்தளைச் சில்லு குத்திக்கொண்டிருந்தது. தோட்டாவின் முதுகு பிளந்து தெறித்த சில்லு.

"குழலுக்கு ஒண்ணும் ஆகலையே. எஃகு நல்ல எஃகு."

"நல்ல எஃகுதான். புதுத் தோட்டா உதைச்ச உதையில முட்டி பின்வாங்கிருச்சு."

"தகட்டைப் பாத்தீங்கல்ல?"

ராவுத்தர் இலையை எடுத்து அவன் முகத்துக்கு நேரே பிடித்தார். ஒரு பொத்தல் சரியாக வலது கண்ணுக்கு வந்தது. அதன் வழியே மலை தெரிந்தது.

சங்கிலி அந்தப் பொத்தலில் விரலை விட்டுப் பார்த்தான்.

"தம்பியும் வலது கண்ணாலதான் குறி பாப்பான்," என்றான்.



எழுந்துபோய்த் துப்பாக்கியைக் கட்டையிலிருந்து அவிழ்த்தான்.

"வேற குழல் போட்டு, பழைய தோட்டாவையே குடுத்து அனுப்பலாம். ஆனா வலு கம்மியாச்சே, வாத்தியாரே. எதிர்ல நிக்கிறது சிறுத்தையாச்சே."

ராவுத்தர் இலையை மடித்தார்.

"எதிர்ல மட்டும் நிக்கட்டும், அண்ணே."