வடக்கு வாசலில் கேட்ட கேள்விகள்

யான்கோவ் நகரத்துக்கு மூன்று பக்கமும் ஆறு, நான்காவது பக்கம் மதில். போர் வடக்கிலிருந்து இறங்கி வருகிறது என்று தெரிந்ததும் படகுகளை ஊர்க்காரர்களே ஆற்றில் மூழ்கடித்தார்கள். பீரங்கிக்கும் அசையக்கூடாது என்று வடக்கு வாசலை உள்ளிருந்து மண் கொட்டி வளைவு வரைக்கும் அடைத்தார்கள். அதன் பிறகு ஊருக்குள் வர ஒரே வழிதான் இருந்தது. மதில் மேலிருந்து கயிற்றில் இறக்கும் மூங்கில் கூடை.

கூடையில் யாரை ஏற்றுவது, யாரை விடுவது என்று முடிவு செய்யும் வேலை ஷென் யூலினிடம் வந்தது. அவர் பூகோள வாத்தியார். ஊரின் சந்து பொந்தெல்லாம் அவருக்கு அத்துப்படி.

ஊரில் இருந்த அரிசி ஊராருக்கே போதாது. எதிரியின் ஆட்கள் சாதாரண உடையில் நுழைகிறார்கள் என்றும் பேச்சு. ஆகவே ஊர்க்காரர்களை மட்டும் ஏற்றவேண்டும் என்பது உத்தரவு. முகத்தைப் பார்த்து முடிவு செய்ய ஷென்னுக்கு மனம் வரவில்லை. உள்ளே இருப்பவர்கள் சாட்சி சொன்னால் ஏற்றலாம் என்றார்கள். சாட்சி வந்தால் கூடவே லஞ்சமும் வரும் என்று அதையும் மறுத்துவிட்டார். எல்லோருக்கும் ஒரே கேள்விகள் என்று வைத்தார். உப்புச் சந்தையிலிருந்து வாத்துப் பாலத்துக்கு எப்படிப் போவது? நெசவாளர் சந்து எந்தத் தெருவில் போய் முடிகிறது? பதில் சொன்னவர்கள் மேலே வந்தார்கள். மற்றவர்கள் மதிலடியில் உட்கார்ந்தார்கள்.

"பரீட்சை எப்படி, வாத்தியாரே?" என்று காவல் தலைவன் மா தினமும் கேட்பான். "இன்றைக்காவது யாராவது பாஸா?"

ஷென் சிரிப்பதில்லை.

ஒரு நாள் சூரணம் விற்பவன் ஒருவன் வந்தான். கேட்டதற்கெல்லாம் தயங்காமல் சரியாகப் பதில் சொன்னான். மேலே ஏற்றினார்கள். மறுநாள் காலையில் தானியக் கிடங்கின் கூரையில் வெள்ளைத் துணி விரிந்து கிடந்தது. மதியம் விமானங்கள் வந்தன. கிடங்கும், அதை ஒட்டிய தெருவும் எரிந்தன.

"சூரணக்காரன் விட்டுவிட்டுப் போன பையில் வரைபடம் இருந்தது" என்றான் மா. "உம் பள்ளிக்கூடத்துச் சுவரில் தொங்குவதைவிட நல்ல வரைபடம். உம் வீட்டுக் கிணறுகூட அதில் இருக்கிறது."

ஷென் அன்று சாப்பிடவில்லை. உட்கார்ந்து கேள்விகளை இன்னும் கடினமாக்கினார்.

அடுத்து வந்தவள் டெங் வீட்டு மருமகள். தாய் இறந்த சேதி கேட்டுப் பிறந்த ஊருக்குப் போனவள், இறுதிச் சடங்கு முடிந்து திரும்பியிருந்தாள். கூடையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தாள். ஷென் கேள்வி கேட்டார்.

"பாலம் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாதுங்க" என்றாள். "பல்லக்கில் திரை போட்டுக் கொண்டுவந்து இறக்கினார்கள். அப்புறம் வீட்டை விட்டு எங்கே விட்டார்கள்? எங்கள் அடுப்பு கிழக்கே பார்த்திருக்கும். அது தெரியும்."

ஷென் முடியாது என்று தலையை அசைத்தார். அவள் கூடையிலிருந்து இறங்கினாள். அழவில்லை. தப்பான வீட்டுக் கதவைத் தட்டியவள் போல, "மன்னிச்சுக்குங்க" என்றாள்.

அந்த வார்த்தையோடு ஷென் நேரே மடத்துக்குப் போனார்.

அங்கே தாவோயின் தவிடு சலித்துக்கொண்டிருந்தார். ஷென்னைவிடப் பத்து வயது இளைய துறவி. வெளி மாகாணத்துக்காரர், பேச்சில் அந்த வாடை இன்னும் போகவில்லை. ஷென் அவரைக் குருவாக ஏற்றதைச் சொல்லி ஊரில் கேலி செய்வார்கள்.

"குருவே, எனக்கு ஒரு கேள்வி வேண்டும்."

"எல்லோரும் பதில் கேட்டுத்தான் வருவார்கள்."

"ஊரார் அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கவேண்டும். எதிரிக்குத் தெரியக்கூடாது. அப்படி ஒரு கேள்வி கிடைத்துவிட்டால் என் கையால் தவறு நடக்காது."

"கிடைக்காவிட்டால்?"

"என்னால் யாராவது செத்துவிடுவார்கள்."

"இதுவரை?"

ஷென் தரையைப் பார்த்தார்.

தாவோயின் சல்லடையைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையில் ஒட்டிய தவிட்டைத் தட்டினார். "இறங்குவதற்கும் பரீட்சை உண்டா, வாத்தியாரே?"

"இல்லை. ஏறுவதற்கு மட்டும்தான்."

"அப்படியானால் வாருங்கள். உங்கள் கேள்வியைக் கீழே போய்த் தேடுகிறேன்."

மதில் மேல் மா வழிமறித்தான். "சாமி, யோசித்துச் செய்யும். இறங்குவது சுலபம்."

"அப்படித்தான் தெரிகிறது" என்று சொல்லிவிட்டு தாவோயின் கூடையில் உட்கார்ந்தார்.

ஷென்னும் இரண்டு காவலர்களும் கயிற்றை விட்டார்கள். கூடை தரையைத் தொட்டது. தாவோயின் மதிலடியில் கிடந்தவர்களுக்கு நடுவே நடந்தார். ஒரு கிழவரின் அருகே குனிந்தார். மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்த்துவிட்டு, அவர் முகத்தைத் துணியால் மூடினார். ஒரு குழந்தையைத் தூக்கி வேறொருத்தி மடியில் வைத்தார். அவர் பேசியது மேலே கேட்கவில்லை.

வடக்கே தாழ்வாகக் கிடந்த புகை இப்போது உயர்ந்திருந்தது. பீரங்கிச் சத்தம் மதில் கல்லில் அதிர்ந்தது. கீழே இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். போவதற்கு இடமில்லை.

"குருவே, போதும்" என்று ஷென் கத்தினார். "ஏறுங்கள்."

"முதலில் கேள்வி" என்றான் மா. "உத்தரவு எல்லோருக்கும்தான். நீர் போட்ட சட்டம், வாத்தியாரே."

ஷென் மதில் விளிம்பில் குனிந்தார். "குருவே, உங்கள் மடம் எந்தத் தெருவில் இருக்கிறது? அதை மட்டும் சொல்லுங்கள்."

"என் முறை இன்னும் வரவில்லை" என்றார் தாவோயின். "எனக்கு முன்னால் ஆட்கள் இருக்கிறார்கள்."

"அவர்களை எல்லாம் கேட்டாகிவிட்டது. அவர்களுக்குத் தெரியாது."

தாவோயின் டெங் வீட்டு மருமகளைக் கைபிடித்து அழைத்துவந்து கூடையில் உட்காரவைத்தார். அந்தக் குழந்தையையும் அவள் மடியில் வைத்தார்.

காவலர்கள் ஷென்னைப் பார்த்தார்கள். மா துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கினான், ஆனால் உயர்த்தவில்லை.

"தோற்றவள் அவள்" என்றான். "மறுபடி ஏற்றவேண்டுமானால் புதுக் கேள்வி வேண்டும்."

ஷென் கீழே பார்த்தார். "குருவே, கேள்வி கிடைத்ததா?"

"கிடைத்தது."

"சொல்லுங்கள். காவல் தலைவரும் கேட்கட்டும்."

தாவோயின் அண்ணாந்து பார்த்தார். "கயிறு தாங்குமா?"

ஷென் கயிற்றைப் பார்த்தார். கல் விளிம்பில் உராய்ந்து ஓரிடத்தில் பாதிக்குமேல் நைந்திருந்தது. இத்தனை நாளும் அவர் கண்ணில் அது படவில்லை.

அவர் நைந்த இடத்தைத் தன் கையில் சுற்றிக்கொண்டு இழுக்கத் தொடங்கினார்.