வாழ்த்து வந்த வீடு

கரூரில் பிணம் வைக்கும் குளிர்பெட்டியை வாடகைக்கு விடுகிறவர் தெய்வசிகாமணி. அவருடைய மச்சினன், கல்யாண மண்டபத்துக்குச் செய்த வெப்சைட்டையே பெயர் மாற்றி அவருக்கும் கொடுத்திருந்தான். அதில் பதிந்தவர்கள், பெட்டி வாசலுக்குப் போனதுமே திருப்பி அனுப்பினார்கள்.

“வெப்சைட்டைத் தொழில் தெரிஞ்சவங்ககிட்ட கொடுத்துச் செய்யலாம் முதலாளி” என்றார் டிரைவர் சவரிமுத்து.

“வெப்சைட்டுல என்னய்யா குறை? உன் அழுமூஞ்சியைப் பார்த்துத்தான் விரட்டுறாங்க. குறையைக் காட்டு, இல்லேன்னா வண்டிச் சாவியை வெச்சுட்டுப் போ.”

மறுவாரம் சவரிமுத்துவின் மனைவி லூர்து இறந்துபோனாள். அவரும் வெப்சைட்டில்தான் பெட்டிக்குப் பதிந்தார். மாலையோடு வந்த முதலாளியிடம், பதிலாக வந்த வீடியோவைக் காட்டினார். வண்ணத்தாள் பொழிய, நாதஸ்வரம் முழங்க, ‘வாழ்த்துகள் லூர்து! இந்த இனிய நாளில் உங்களோடு நாங்களும்!’ என்றது அது.

“என் மூஞ்சிக்கு முன்னாடி இதைத்தான் பார்க்கிறாங்க முதலாளி.”

நாதஸ்வரத்தை நிறுத்தத் தெரியாமல், முதலாளி போனை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு நின்றார்.

அடுத்த மாதம் வெப்சைட் செய்வதையே தொழிலாகக் கொண்ட ஒரு பெண் வந்தாள். முதலில் சவரிமுத்துவிடம்தான் கேட்டாள். “வீட்டுக்காரங்க முதல்ல என்ன கேப்பாங்கண்ணா?”

“எவ்வளவு நேரத்துல வருவீங்கன்னு கேப்பாங்கம்மா.”

இப்போது அந்தப் பக்கத்தில் நேரமும் போன் நம்பரும் மட்டுமே இருக்கின்றன. பழைய வீடியோவை, அது வந்த வீட்டுக்காரர்கள் எல்லோரும் அழித்துவிட்டார்கள். சவரிமுத்து மட்டும் வைத்திருக்கிறார். லூர்துவின் பெயருக்கு வந்த ஒரே வாழ்த்து அது.