கடலைக்கு உப்புப் பிடிக்கும் நேரம்

ஓடைக்கரைக் காட்டில் பவளாயி என்றொரு வெள்ளெலி பச்சைக் கடலைக்காயைக் கழுவிக்கொண்டிருந்தாள். செம்மண் லேசில் போகவில்லை. ஒரு தண்ணீர் ஊற்றி அலசினாள். சிவப்பாக வந்தது. இன்னொரு தண்ணீர் ஊற்றினாள். அதுவும் சிவப்பாகவே வந்தது. மூன்றாம் தண்ணீருக்குக் குடத்தைத் தூக்கும்போது கொட்டாவி வந்தது.

அவள் சரியாகத் தூங்கி ஒன்பது நாளாகிறது. பொந்துக்குள் நான்கு குட்டிகள். ஒன்றுக்கும் இன்னும் கண் திறக்கவில்லை. ஒன்று தூங்கினால் இன்னொன்று கத்தும்.

ஐப்பசி பிறந்துவிட்டது. மேற்கு மலையை மேகம் மூடியிருந்தது. அவள் பொந்தோ ஓடையை ஒட்டிப் பள்ளத்தில் இருந்தது. மழை இறங்கினால் வெள்ளம் முதலில் அங்கேதான் புகும். மேட்டில் புதுப் பொந்து வேண்டும். ஆனால் மேட்டு மண் அவள் நகத்துக்கு மசியவில்லை. முள்ளம்பன்றி ஒருவனால்தான் அதைத் தோண்ட முடியும்.

நேற்று அந்தியிலேயே அவனிடம் போய்க் கேட்டுவிட்டாள்.

"நாளைக்குப் பொழுது சாயறப்ப வர்றேன் தங்கச்சி! ஒரு பானை கடலை அவிச்சு வை. அவிச்ச கடலைன்னா எனக்கு உசிரு. ஆனா உப்பு சரியா இருக்கணும், ஆமா! வாயில வைக்க முடியலேன்னா நான் பாட்டுக்கு மலைக்குப் போயிடுவேன்!" என்று முள்ளம்பன்றி சொல்லியிருந்தான்.

பவளாயி மூன்று கல் கூட்டி அடுப்பு மூட்டினாள். பானையில் கடலை மூழ்கத் தண்ணீர் விட்டாள். ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போட்டாள். கொட்டாங்கச்சியில் இருந்த கல்லுப்பில் ஒரு பிடி அள்ளிப் போட்டாள். பிறகு அடுப்பு முன்னால் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் கண் சொருகியது.

கடலை வேகும் வாசம் காடெல்லாம் போயிற்று. முதலில் மைனா வந்தாள். கேட்காமலே ஒரு காயை எடுத்து உடைத்துத் தின்றாள்.

"தூ! சப்புன்னு இருக்கு! உப்பே போடலியா பவளாயி?"

"போட்டிருக்கேன்க்கா. இப்ப தெரியாது. அடுப்பை அணைச்சுட்டு அந்தத் தண்ணியிலேயே—"

"கீச்!" என்றது ஒரு குட்டி. பவளாயி பொந்துக்கு ஓடினாள்.

"பாவம், தூக்கக் கலக்கத்துல மறந்துட்டா!" என்று மைனா இரக்கப்பட்டாள். ஒரு பிடி உப்பை அள்ளிப் பானையில் போட்டுவிட்டுப் பறந்தாள்.

அடுத்து ஓணான் வந்தான். பவளாயி அவனிடம் கை கூப்பாத குறையாகச் சொன்னாள். "அண்ணே, தொடாதீங்க. வேகறப்ப உப்பு உள்ளே போகாது. ஆறறப்பத்தான்—"

ஓணான் எல்லாம் புரிந்ததுபோல் தலையை ஆட்டினான். அவன் எதற்கும் தலையை ஆட்டுகிறவன்தான்.

"கீச்! கீச்!"

அவள் மறுபடி ஓடினாள். ஓணான் ஒரு காயைத் தின்று பார்த்தான். முகத்தைச் சுளித்தான். அவனும் ஒரு பிடி போட்டான். போட்டுவிட்டு அதற்கும் ஒருமுறை தலையை ஆட்டிக்கொண்டான்.

பிறகு கௌதாரி மதினி வந்தாள்.

"ஏன்டி, ஒரு பானை கடலைக்கா இந்தப் பாடு படறே? நானும் பதினோரு பிள்ளை பெத்தவதான்! ஒரு நாளாவது இப்படி மூஞ்சியைத் தொங்கப் போட்டிருப்பேனா?"

"இல்லை மதினி, நான் என்ன சொல்றேன்னா—"

"கீச்!"

"போ, போ! பிள்ளையைப் பாரு. பானையை நான் பார்த்துக்கறேன்!" என்றாள் மதினி. பார்த்துக்கொள்ளத்தான் செய்தாள். கொட்டாங்கச்சியில் மிச்சம் இருந்ததை அப்படியே கவிழ்த்துவிட்டுப் போய்விட்டாள்.

பவளாயி திரும்பி வந்தபோது கொட்டாங்கச்சி காலியாகக் கிடந்தது. 'நாமா இவ்வளவும் போட்டோம்?' என்று யோசித்தாள். ஞாபகம் வரவில்லை. யோசிக்கக்கூட அலுப்பாக இருந்தது. கடலை வெந்திருந்தது. அடுப்பை அணைத்து, அந்தத் தண்ணீரிலேயே ஊற விட்டாள்.

வெயில் சற்றுத் தணிந்ததும் ஒரு காயை எடுத்து உடைத்துத் தின்றாள். நாக்கு எரிந்தது. வாய்விட்டு அழக்கூடத் தெம்பில்லை.

அந்த நேரம் பார்த்து மூவரும் பங்குக்கு வந்து சேர்ந்தார்கள். ஆளுக்கொரு காயைத் தின்றார்கள். ஆளுக்கொரு பக்கம் துப்பினார்கள்.

"ஐயையோ! இது கடலையா, உப்பு மூட்டையா?" என்றாள் மைனா.

"தூங்கி வழியறவ அடுப்புகிட்ட நிக்கலாமா?" என்றாள் மதினி.

ஓணான் தலையை ஆட்டினான்.

உப்பை அள்ளிப் போட்டது இவர்கள்தான் என்று பவளாயிக்கு இப்போது புரிந்துவிட்டது. கேட்டிருக்கலாம். ஆனால் கேட்பதற்குள் மூவரும் தண்ணீர் குடிக்க ஓடைக்கு ஓடினார்கள்.

அவர்கள் போன வழியில் தேரை அக்கா தத்தித் தத்தி வந்தாள். ஓடைக்கரைக் கல்லடியில் இருப்பவள். அதிகம் பேசாதவள்.

"பவளாயி, ஓடையில தண்ணி கலங்கி நுரையோட வருது. மலையில பெஞ்சிருச்சு. வெள்ளம் ராத்திரிக்குள்ள இங்க வந்துரும்."

பவளாயி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "கடலை கெட்டுப்போச்சுக்கா. முள்ளம்பன்றி அண்ணன் இதைத் தின்னமாட்டாரு. பொந்து தோண்டமாட்டாரு. நான் எல்லார்கிட்டயும் சொன்னேன்க்கா. வேகறப்ப உப்புப் பார்க்காதீங்க, அடுப்பை அணைச்சப்புறம்—"

"கீச்!"

பவளாயி எழுந்து போனாள். குட்டிக்குப் பால் கொடுத்தாள். தட்டித் தூங்க வைத்தாள். வெளியே வந்தால், தேரை இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பானை பக்கம்கூடப் போகவில்லை.

"அடுப்பை அணைச்சப்புறம்னு சொன்னியே. மீதியைச் சொல்லு," என்றாள் தேரை.

பவளாயி அவளையே பார்த்தாள். மீதியைச் சொல் என்று அவளிடம் யாரும் கேட்டு எத்தனையோ நாளாயிற்று. மெதுவாகச் சொன்னாள்.

"அடுப்பை அணைச்சப்புறம், ஊறி ஆறறப்பத்தான் தண்ணியில இருக்கற உப்பு தோலுக்குள்ள நுழைஞ்சு பருப்புக்குப் போகும். அதுக்கு முன்னால தின்னா சப்புன்னுதான் இருக்கும். ஊற ஊற, தண்ணி எப்படியோ கடலையும் அப்படி ஆயிடும்..."

சொல்லி முடித்தவள் நிமிர்ந்தாள்.

"அக்கா! தண்ணி எப்படியோ கடலையும் அப்படின்னா, இதை நல்ல தண்ணியில ஊறப்போட்டா? உள்ளே போன உப்பு வெளியே வந்துருமே!"

"எனக்குச் சமையல் தெரியாது. தண்ணி எடுத்து வரத் தெரியும்," என்றாள் தேரை.

ஊற்றுத் தண்ணீரைத் தேரை கொண்டுவந்து கொண்டுவந்து கொட்டினாள். பவளாயி உப்புத் தண்ணீரை வடித்தாள். நல்ல தண்ணீரைச் சுட வைத்துக் கடலையைப் போட்டாள். அதையும் வடித்தாள். மறுபடி சுட வைத்தாள். நடுவில் இரண்டு முறை குட்டிகள் கத்தின. இரண்டு முறையும் பானை, அவள் விட்டுப்போன இடத்திலேயே அவளுக்காகக் காத்திருந்தது.

பொழுது சாய்ந்தது. முட்கள் சலசலக்க முள்ளம்பன்றி வந்தான். முதல் தூறலும் கூடவே வந்தது. ஒரு காயை உடைத்து வாயில் போட்டான். மென்றான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"உப்பு கொஞ்சம் தூக்கல்," என்றான்.

பவளாயிக்கு மூச்சு நின்றுவிட்டது.

"எனக்கு அப்படித்தான் பிடிக்கும்! மேடு எங்கே, காட்டு!"

தோண்டிக்கொண்டே தின்றான். தின்றுகொண்டே தோண்டினான். இருட்டு கட்டுவதற்குள் மேட்டில் பொந்து தயாராகிவிட்டது. பவளாயி குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு ஏறினாள். நான்காவது குட்டியை மேலே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அவள் பழைய பொந்து இருந்த இடத்தில் தண்ணீர் சுழித்துக்கொண்டிருந்தது. பார்த்தபடியே குட்டிகளின் மேல் சாய்ந்து தூங்கிப்போனாள்.

மழை விட்ட பிறகு மேட்டில் மறுபடி கடலை வெந்தது. மைனாவும் ஓணானும் மதினியும் வந்தார்கள். நடந்ததைத் தேரை சொல்லக் கேட்டிருந்தார்கள். அதனால் மூவரும் கொட்டாங்கச்சியை விட்டுத் தள்ளியே உட்கார்ந்தார்கள்.

"நாங்க செஞ்சது தப்புதான்டி," என்றாள் மைனா. "உப்பு எப்பதான் பார்க்கணும்? இப்பவாவது சொல்லேன்!"

பவளாயி வெட்கத்தோடு சிரித்தாள். "அது ஒண்ணுமில்லைக்கா. அடுப்பை அணைச்சுட்டு, ஒரு நாழி அந்தத் தண்ணியிலேயே—"

"கீச்!"

பவளாயி எழுந்து போனாள். மைனா வாயைத் திறக்கவில்லை. மதினி இறகைக்கூட அசைக்கவில்லை. ஓணானும் தலையை ஆட்டாமல் உட்கார்ந்திருந்தான்.

களைத்துப்போனவருக்கு உதவ வருகிறவர்கள், அவர் சொல்ல வந்ததை முழுசாகக் கேட்ட பிறகே பானையில் கை வைக்க வேண்டும்.