பென்சில் கோடு

"பன்னிரண்டு வருஷமா உங்க காலடியில கிடக்கிறேன். எனக்கு மட்டும் ஏன் தாயே இன்னும் உபதேசம் இல்லை?"

கேட்டவர் சங்கிலிமுத்து. வயது அறுபத்திரண்டு. பஸ் ஓட்டி ஓய்ந்தவர். நெற்றி நிறையப் பட்டை.

மடத்துத் தவமணியம்மை அவரைவிட இளையவள். சின்ன வயதில் வந்த காய்ச்சல் அவள் கைகளில் நடுக்கத்தை விட்டுப் போயிருந்தது.

அம்மை ஒரு அட்டைப்பெட்டியைக் காட்டினாள்.

உள்ளே தேங்காய் நார்மேல் பதினோரு சாரைப்பாம்பு முட்டைகள். மழைக்கு மடத்துச் சுவர் இடிந்து வெளியே தெரிந்தவை. கீரி ஒன்று அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது.

"டவுன்ல பாம்பு பிடிக்கிற அந்தோணி இருக்கான். பொரிக்க வெச்சுக் காட்டுல விட்டுருவான். கார்ல கொண்டுபோய்க் குடுங்கண்ணே."

ஒவ்வொரு முட்டையின் உச்சியிலும் ஒரு பென்சில் கோடு.

"கோடு மேலேயே இருக்கணும். குஞ்சு உள்ளே ஓட்டோட ஒட்டியிருக்கு. புரண்டா செத்துப்போகும்."

"முப்பது வருஷ சர்வீஸ் தாயே. புள்ளத்தாச்சிகூட என் பஸ்ல அலுங்கினதில்லை."

"பொரிக்கட்டும். உபதேசம் சொல்றேன்."

பொய் சொல்லக்கூடாது, நன்றாகத்தான் ஓட்டினார். ஏசி போடவில்லை. வேகத்தடையில் எறும்பு ஏறி இறங்குவதுபோல் ஏறி இறங்கினார்.

வழியில் நாகம்மன் புற்று வந்தது. வெள்ளிக்கிழமை வேறு. கோயிலைக் கண்டால் வண்டியை நிறுத்திச் சூடம் கொளுத்துவது பஸ் ஓட்டிய காலத்துப் பழக்கம்.

அம்மன் பிள்ளைகளை அம்மன் வாசலில் சும்மா கொண்டுபோகலாமா? மனசு கேட்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து மஞ்சள் நீரில் முக்கி, துண்டால் துடைத்தார். கண்ணில் நீர் வழிந்தது.

கடைசி முட்டையைத் துடைத்தபோதுதான் பார்த்தார். ஒன்றிலும் கோடு இல்லை.

எதிர்த்த டீக்கடையில் பென்சில் கிடைத்தது.

"கோடெல்லாம் பளிச்சுனு இருக்கே," என்றான் அந்தோணி.

"அம்மை போட்டது," என்றார் சங்கிலிமுத்து.

மடத்துக்குத் திரும்பியதும் அம்மை கேட்டாள்: "பத்திரமா சேர்ந்துச்சா?"

"ஒண்ணுகூடக் குலுங்கலை தாயே."

அது உண்மைதான். அன்று முதல் தினமும் நாகம்மனை நூற்றெட்டுச் சுற்று சுற்றினார்.

இரண்டு மாதம் கழித்து அந்தோணியே வந்தான். கையில் சுருங்கிப்போன முட்டை ஒன்று.

"பதினொண்ணும் போச்சும்மா. கீறிப் பார்த்தேன். பாதி வளர்ந்து செத்திருக்கு."

"விதி," என்றார் சங்கிலிமுத்து. "அம்மன் எடுத்துக்கிட்டா."

அம்மை முட்டையை வாங்கிப் பார்த்தாள். அளவுகோல் வைத்ததுபோல் நேரான கோடு.

பென்சிலை எடுத்துத் தரையில் ஒரு கோடு போட்டாள். கை நடுங்கியது. புழு ஊர்ந்ததுபோல் கோணலாக வந்தது.

மூவரும் அதையே பார்த்தார்கள்.

"பக்தியிலதான் தாயே... மஞ்சத் தண்ணியில அழிஞ்சு போச்சு..."

"அட பெரியவரே!" என்றான் அந்தோணி. "அழிஞ்சுடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா டார்ச் அடிச்சுப் பார்த்திருப்பேனே. மேல்பக்கம் எதுன்னு தெரிஞ்சிருக்குமே!"

சங்கிலிமுத்து அம்மையின் காலில் விழுந்தார்.

அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை. குனிந்து, அவர் நெற்றியில் நேர்நேராக இழுத்திருந்த பட்டையை வெகுநேரம் பார்த்தாள்.

"உபதேசம் தயாராத்தான் இருக்கு," என்றாள். "உங்களுக்கு மேல்பக்கம் எதுன்னுதான் எனக்குத் தெரியலைண்ணே."