இரண்டாவது பெயர்

திருமலைச்சாமி ஊரில் பேர்போன குழந்தை மருத்துவர். காய்ச்சலும் சளியும் பார்த்தே தலை நரைத்தவர். ஐம்பது வயதுக்கு மேல் ஆட்டிசத்தைக் கண்டறியக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு, தன்னைவிட இளையவரான டாக்டர் ஜீனத்திடம் வந்து சேர்ந்திருந்தார்.

அன்று அவரிடம் ஒரு சிறுமி வந்திருந்தாள். ஐந்து வயது இதழினிக்குப் பிறவியிலேயே மரபணுக் கோளாறு. பேச்சு வரவில்லை, இப்போதுதான் தத்தித் தத்தி நடக்கிறாள். கூடவே ஆட்டிசமும் இருக்கிறதா என்று சோதித்து மதிப்பெண் போட்டார். மதிப்பெண் ஆட்டிசத்துக்கான எல்லையைத் தாண்டிவிட்டது. வெளியே அவள் தாய் சுகுணா காத்திருந்தாள். பட்ட காலிலே படும் என்பார்களே, அதைத் தன் வாயால் சொல்ல வேண்டுமே என்று மனிதர் தவித்துப் போனார்.

“சொல்லிடட்டுமா மேடம்?”

ஜீனத் நர்ஸ் ரோஸ்லினை அவள் குழந்தையோடு வரச் சொன்னார். பத்து மாதப் பொடியன்.

“இவனுக்கும் அதே சோதனையைப் பண்ணுங்க சார்.”

பண்ணினார். பேச்சுக் கொடுத்தால் எச்சில் ஒழுகச் சிரித்தான். பொம்மைக்குச் சோறூட்டச் சொன்னால் கரண்டியைத் தன் வாயில் வைத்துக் கடித்தான். ஒன்றும் தேறவில்லை.

“ஆட்டிசமா?”

“என்ன மேடம், விளையாடுறீங்களா? பத்து மாசக் குழந்தை!”

“இதழினிக்கு?”

“அஞ்சு வயசு.”

“வளர்ச்சியில?”

அந்தச் சோதனையையும் அவரேதான் செய்திருந்தார். “பத்து, பன்னிரண்டு மாசம் இருக்கும்” என்றார். குரல் இறங்கிவிட்டது.

மறுநொடியே முகம் மலர்ந்தது. “அப்போ ஆட்டிசம் இல்லை! போய்ச் சொல்லிட்டு வந்துடுறேன்.”

“உட்காருங்க சார். இல்லைன்னு யார் சொன்னா?”

ஜீனத் ஒரு பலூனை ஊதி, முடிச்சுப் போடாமல் விட்டார். அது கீச்சென்று கத்திக்கொண்டு அறையைச் சுற்றியது. பொடியன் திடுக்கிட்டான். சட்டென்று ரோஸ்லினின் முகத்தைப் பார்த்தான். அவள் சிரிக்கவும் தானும் சிரித்தான்.

பிறகு சுகுணாவும் இதழினியும் உள்ளே வந்தார்கள். மறுபடியும் பலூன் பறந்தது. இதழினி அதையே பார்த்தாள். எதிரே சுகுணா கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சோப்புக் குமிழி விட்டார்கள், தாளம் தட்டினார்கள், கிச்சுகிச்சு மூட்டினார்கள். கண்ணிலும் காதிலும் குறையில்லாத பிள்ளை, ஒரு தடவைகூடத் தாயின் முகத்தைத் தேடவில்லை. போன இரண்டு முறை வந்தபோதும் இப்படித்தான் இருந்தது என்பது திருமலைச்சாமிக்கு இப்போதுதான் உறைத்தது.

“என்னைப் பார்க்க மாட்டா டாக்டர்” என்று சுகுணா சிரித்தாள். “அவளுக்கு என்னைப் பிடிக்காது.”

அவர்கள் வெளியே போனதும் திருமலைச்சாமி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“இருக்கு மேடம். நான் முதல்ல சொன்னதுதானே?”

“விடை அதேதான். கணக்குதான் தப்பு. அவ பேசாததை எண்ணுனீங்க, பத்து மாசப் பொடியனே தேடுற அம்மா முகத்தை அவ தேடாததை எண்ணலை.”

அவருக்குத் தாங்கவில்லை. “ஒரு பாரத்தையே அந்தம்மா தூக்க முடியாம தூக்குறாங்க. இதையும் எப்படி மேடம் அவங்க தலையில ஏத்துறது?”

“ஏத்தச் சொல்லலை சார். பிள்ளைக்கு என்னைப் பிடிக்காதுன்னு அஞ்சு வருஷமா ஒண்ணைத் தூக்கிட்டு அலையுறாங்க. போய் இதுக்குப் பேர் வெறுப்பு இல்லை, ஆட்டிசம்னு சொல்லி அதை இறக்கி வைங்க.”