கூட எழுதியவர்கள் வெளியே போகவும்

கேளுங்கள் இந்தக் கூத்தை. ஆய்வகங்களுக்கு மார்க் போட்டுப் பட்டியலிட்ட தேசிய மதிப்பீட்டுக் குழு, கடைசியில் வந்த சின்ன ஊர்க் கல்லூரி ஒன்றின் மண் ஆய்வகத்தை மூடச் சொல்லிவிட்டது. அந்தக் கல்லூரியிலிருந்து ஃபைல் சுமந்து வந்த உதவியாளர் செல்லக்கிளி, நிருபர்கள் முன்னாலேயே "இது பாரபட்சம்" என்றாள்.

குழுத் தலைவர் வேதமூர்த்தி சிரித்தார். "ஒரு நிமிஷத்துல நிரூபிம்மா, பார்ப்போம்."

"ஒரு ஆய்வகத்தோட சேர்ந்து கட்டுரை எழுதினவங்க, அதுக்கு மார்க் போடாம எழுந்து போகணும். உங்க விதிதானுங்க ஐயா" என்றவள், முதலிடம் பிடித்த ஆய்வகத்தின் கட்டுரைகளை எடுத்து, எழுதியவர்களின் பெயர்களைச் சத்தமாக வாசித்தாள். ஒவ்வொரு பெயருக்கும் குழுவில் ஒரு நாற்காலி காலியானது. தலைவரைத் தவிர மீதி ஆறு பேரும் போய்விட்டார்கள்.

"நான் இருக்கேனே" என்றார் தலைவர்.

"கடைசிக் கட்டுரையில முதல் பேரே உங்களுதுங்க. போறப்ப கதவைச் சாத்திடுங்க, ஏசி வீணாகுது."

மார்க் போட ஆளில்லாத பட்டியல் அன்றைக்கே ரத்தானது. மண் ஆய்வகத்துக்குப் பூட்டு விழவில்லை.